ஜெயித்துக்கொண்டே போன வருஷம்

கும்மிடிப்பூண்டியில் நான் முதன்முதலில் வாங்கிய சம்பளம் கபடி ஆடியதற்கு. எழுபதுகளின் நடுப்பகுதி அது. கல்கத்தா ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கருவேலங்காட்டை வெட்டி ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று இரும்புக் கம்பி உருட்டும் மில். அதன் முதலாளி மெட்ராஸ்காரர், கபடிப் பைத்தியம். தன் மில் பெயரைப் பனியனில் போட்டுக்கொண்டு ஆட பன்னிரண்டு பேரைச் சுற்றுவட்டாரத்தில் பொறுக்கி எடுத்தார். பதிவேட்டில் எங்களுக்கு ‘ஹெல்பர்’ என்று பெயர். காலையில் ஆறிலிருந்து மில்லில் வேலை, மத்தியானம் சாப்பாடு, நாலு மணிக்கு ஷெட்டுக்குப் பின்னால் சலித்த மண் கொட்டிய களத்தில் பிராக்டிஸ். பொங்கல் கழிந்ததும் மேட்சுகள் ஆரம்பிக்கும். பங்குனி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது ஓர் ஊருக்கு மில் லாரியில் போவோம்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. கவரைப்பேட்டைக்குத் தெற்கே எங்களுக்கு நெல் நிலம் இருந்தது. மூன்று அண்ணன்கள் போக எனக்கு அதில் வரப்புதான் மிஞ்சும். அதனால் முதலாளி அந்த வருஷம் பொங்கலன்று சொன்ன வார்த்தை எனக்கு மற்றவர்களைவிட ஆழமாக இறங்கியது. மில் வாசலில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கு ஒரு வேட்டி கொடுத்துவிட்டுச் சொன்னார்.

“பங்குனியில திருவள்ளூர் ஷீல்டு நம்ம மில்லுக்கு வந்துட்டா, பன்னெண்டு பேரும் பர்மனென்ட். வரலேன்னா டீம கலைச்சிடுவேன்.”

எங்கள் கேப்டன் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். முப்பதைத் தாண்டியவர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் குப்பத்தில் இருந்தார்கள். வாரத்தில் ஐந்து நாள் எங்களோடு மில் குடிசையில் தங்குவார், மேட்ச் இல்லாத நாளில் ஊருக்குப் போய் மச்சானோடு ஏரியில் வலை போடுவார். சின்ன வயதிலிருந்து தண்ணீரில் முங்கிப் பழகிய மூச்சு அவருடையது. ஒரே மூச்சில் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டு எதிரிக் களத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை சுற்றிவருவார். நடுவர் காதை நீட்டிக் கேட்பார், பாட்டு எங்கேயும் அறுந்திருக்காது. அவரை நான் ‘அண்ணா’ என்பேன். அவர் என்னைச் செல்லமாக ‘நைனா’ என்பார்.

பிடிக்க நிற்கும்போது நாங்கள் கைகோத்து நிற்போம். இடது ஓரத்தில் நான். எனக்கு அடுத்து அவர். அவருடைய இடது கை என் வலது கையில் இருக்கும். ஒரு சீசன் முழுக்க மணிக்கணக்கில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால், அந்தக் கையைப் பற்றி அவர் மனைவிக்குத் தெரியாததுகூட நமக்குத் தெரிந்துவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத்தான் முதலில் தெரிந்தது. தெரியவில்லை என்று நான் சொல்ல முடியாது.

முதல் மேட்ச் ஆர்.கே.பேட்டையில். லாரியில் திருத்தணி வழியாகப் போய்ச் சேரவே மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டாம் பாதியில் எதிராளி ஒருவன் பாடிக்கொண்டு வந்தான். கேப்டன் பாய்ந்து அவன் தொடையைக் கட்டினார். நான் இடுப்பைப் பிடித்தேன். அவன் விழுந்த வேகத்தில் உதறிய காலின் குதிகால் கேப்டனின் வலது காதுக்கு மேலே பட்டது. கட்டையால் கட்டையைத் தட்டியது போல ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. அவர் பிடியை விடவே இல்லை. நடுவர் விசில் ஊதி எங்களுக்குப் பாயிண்ட் கொடுத்தார். கேப்டன் எழுந்தார், மண்ணைத் தட்டினார், நடந்துபோய் எதிரி டீமோடு வரிசையில் நின்றுகொண்டார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எதிரி ஆட்களும் சிரித்தார்கள். அவர் எங்களைப் பார்த்துக் கையை விரித்துப் பிடிக்கத் தயாரானார். நானும் சிரித்துக்கொண்டே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஏதோ தமாஷ் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்தபோதுதான் அதில் தமாஷ் எதுவும் இல்லை என்று தெரிந்தது.

அந்த மேட்சில் கடைசிப் பாட்டும் அவர்தான் பாடினார். இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தார், ஜெயித்தோம். லாரியில் திரும்பும்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“நைனா, ஜெயிச்சமா?”

“ஜெயிச்சோம்ண்ணா. நீதான கடைசில ரெண்டு பேர தொட்டுக்கினு வந்த?”

“அப்பிடியா” என்றார். திருத்தணி தாண்டியதும் மறுபடியும் கேட்டார். ஊத்துக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது மூன்றாவது தடவை அதே கேள்வி, அதே குரலில். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் வேலைக்கு வந்தார். சரியாகத்தான் இருந்தார். ஒரு வாரம், பத்து நாள் சரியாகவே இருந்தார். அதனால் நாங்கள் அந்த லாரிப் பயணத்தை மறந்துவிட்டோம், அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டோம். மாசி பிறந்தபோது தலைவலி என்றார். வெயில் கண்ணில் படாமல் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்காருவார். காலையில் நாஷ்டா சாப்பிட்டதும் குடிசைக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பார். மில்லில் இருந்த கம்பவுண்டர் மாத்திரை கொடுத்தார், நெற்றியில் தடவ மருந்து கொடுத்தார். பித்தம் என்று ஒருவன் சொன்னான். வெயில் என்று ஒருவன் சொன்னான். கேப்டனும் வெயில் என்றுதான் சொன்னார். ஏரியில் பகல் முழுக்கத் திறந்த படகில் காய்ந்த மனிதர் அவர்.

அந்தச் சமயத்தில்தான் என் கையில் அது தெரிய ஆரம்பித்தது. அவர் பிடி தளர்ந்தது. முதலில் வியர்வை என்று நினைத்து மண்ணைத் தேய்த்துக்கொண்டேன். அப்புறம் கவனித்தேன். பிடிக்கும்போது சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை, மற்ற விரல்களோடு சேராமல் வெளியே நின்றன. அவரிடம் சொன்னேன். கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, “மரத்துப் போச்சு போல” என்றார்.

ஒரு நாள் மில்லில் நடந்ததை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. உருளைகளுக்கு நடுவிலிருந்து கம்பி சிவப்பாகப் பழுத்துப் பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வெளியே வரும். எதிரே நிற்பவர் அதன் மூக்கைக் குறட்டால் கவ்வி, வளைத்து, அடுத்த உருளைக்குள் கொடுக்க வேண்டும். கண் சிமிட்டும் நேரம்தான். அன்று குறடு கேப்டன் கையில் இருந்தது. கம்பி வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பயந்து நிற்கவில்லை. ரயில் வருவதைப் பார்ப்பவர் போல அமைதியாக நின்றார். நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டி இழுத்துக் கீழே சாய்த்தேன். கம்பி நாங்கள் நின்ற இடத்தைத் தாண்டிப்போய்த் தகரச் சுவரில் மோதிச் சுருண்டது. சூடு என் முதுகு மயிரைப் பொசுக்கியது.

“இன்னாண்ணா, எங்க பாத்துக்கினு கீற?” என்று கத்தினேன்.

“வருதுன்னு தெரிஞ்சிது நைனா” என்றார். “இன்னா பண்ணணும்னுதான் தெரில.”

அன்று சாயங்காலம் நானே ஓர் ஏற்பாடு செய்தேன். மற்றவர்கள் இல்லாத நேரத்தில் அவரிடம் சொன்னேன். ஆட்டத்தில் நான் அவர் கையை ஒரு தடவை அழுத்தினால் அவர் பாடப் போக வேண்டும். இரண்டு தடவை அழுத்தினால் பாய்ந்து பிடிக்க வேண்டும். அழுத்தாவிட்டால் சும்மா நிற்க வேண்டும். அவர் ஒரு குழந்தை மாதிரி தலையாட்டினார். ஏன் என்று கேட்கவில்லை. அவர் கேட்காதது எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. மூன்று வருஷமாக எங்களுக்குக் களத்தில் எங்கே நிற்பது, எப்போது மூச்சு விடுவது என்றுகூடச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

அந்த ஏற்பாடு பலித்தது. நாங்கள் ஜெயித்தோம். பொன்னேரியில், பெரியபாளையத்தில், ஆரம்பாக்கத்தில், மறுபடியும் மேற்கே போய் இரண்டு ஊர்களில் ஜெயித்தோம். தோற்றிருந்தால் எங்களில் யாராவது நின்று யோசித்திருப்பார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் மாலையோடு லாரி ஏறினோம். முதலாளி மெட்ராஸிலிருந்து கார் அனுப்பிக் கறி பிரியாணி கொடுத்தார். தலை மறந்தும் உடம்பு ஆட்டத்தை மறக்கவில்லை அந்த மனிதருக்கு. ஒரு தடவை அழுத்தினால் போதும், கோட்டைத் தாண்டியதும் கால் தானாகப் பாயும். பாட்டு மட்டும் எப்போதாவது நடுவில் நின்றுவிடும். மூச்சு தீர்ந்து நிற்பது வேறு. இவருக்கு மூச்சு மிச்சம் இருக்கும்போதே சொல் நின்றுவிடும். இரண்டு மேட்சில் நடுவர் அதற்காக அவரை அவுட் கொடுத்தார். அவர் சண்டை போடாமல் போய் வெளியே உட்கார்ந்துகொண்டார்.

நான் அழுத்துவதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமாக அழுத்த வேண்டியிருந்தது. மாசி கடைசியில் நகம் பதிய அழுத்தினேன்.

பங்குனி முதல் வாரத்தில் ஒரு வேலைநாளில், மில் கேட்டில் என்னைத் தேடி ஒரு பெண் வந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னான். போய்ப் பார்த்தேன். கேப்டனின் மனைவி. முதல் பஸ்ஸில் கிளம்பிப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயில் ஏறி வந்திருந்தாள். புடவையில் எறாக் கவுச்சி. காலையில் இறால் கூடையை இறக்கிவிட்டு அப்படியே வந்திருக்க வேண்டும்.

“அண்ணா உள்ள கீறார் அண்ணி, கூப்புடவா?” என்றேன்.

“வேணாம். உன்னதான் பாக்க வந்தேன்” என்றாள். கேட்டை விட்டுத் தள்ளி, கருவேல மரத்து நிழலுக்கு நடந்தாள். “தம்பி, அவருக்கு இன்னாமோ ஆயிப்போச்சு. போன வாட்டி ஊட்டுக்கு வந்தப்ப தனியா படவு எட்துக்கினு ஏரிக்குப் போனாரு. பொழுது சாஞ்சும் வரல. எந்தம்பி போய்ப் பாத்தா, நடு ஏரில படவ நிறுத்திட்டு குந்திக்கினு கீறாரு. கர எந்தப் பக்கம்னு தெரிலயாம். பொறந்ததுலேர்ந்து போய் வர்ற ஏரி தம்பி அது.”

நான் தரையில் கிடந்த கருவேல முள்ளைக் காலால் ஒதுக்கினேன்.

“சின்னவள பெரியவ பேரு சொல்லிக் கூப்புட்றாரு. அது பரவால்ல, எல்லாரும் கூப்புட்றதுதான். என்னப் பாத்து ‘யாரு ஊட்டுப் பொண்ணு நீ’ன்னாரு. அப்பறம் சிரிச்சாரு. வெளாட்டுக்குன்னு சொன்னாரு. வெளாட்டு இல்ல தம்பி. எனக்குத் தெரியாதா?”

“வெயிலு அண்ணி...”

“வெயிலுன்னு சொல்லாத” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “நீ சொன்னா கேப்பாரு. உன் பேச்சுன்னா அவருக்கு ஒரு இது. ஆட்டம் போதும்னு சொல்லு. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்னு சொல்லு. நான் சொன்னா ‘உனக்கு இன்னா தெரியும்’ன்றாரு.”

அப்போது எங்களுக்கு மிச்சம் இருந்தது இரண்டு மேட்ச். அரையிறுதி, பைனல். என் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் வீட்டார் வேலை பர்மனென்டா என்று இரண்டு தடவை கேட்டு அனுப்பியிருந்தார்கள்.

“சொல்றேன் அண்ணி” என்றேன். “கட்டாயம் சொல்றேன்.”

அவள் என்னை நம்பினாள். முந்தானையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தாள். வறுத்த எறா. “ரெண்டு பேரும் துண்ணுங்க” என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனை நோக்கிப் போனாள். பொட்டலத்தைக் கேப்டனிடம் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் சொல்லச் சொன்னதையும் சொல்லவில்லை.

டீமுக்கு மானேஜர் என்று ஒருவர் இருந்தார். மில்லின் டைம் ஆபீஸ் கிளார்க். அவரிடம் போனேன் என்பதை எனக்கு ஆதரவாக எழுதிக்கொள்ளலாம், ஆனால் நான் போனது அவர் ஏதாவது செய்யட்டும் என்றல்ல. என் தலையிலிருந்து அதை இறக்கி அவர் தலையில் வைக்கப் போனேன். அவர் பீடியை அணைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“கம்பவுண்டரும் சொன்னாருப்பா. பெரிய டாக்டர்கிட்ட காட்டணும்னு மாசிலயே சொன்னாரு. காட்லாம். இன்னும் ரெண்டு ஆட்டம். முடிஞ்ச மறுநாளு நானே இட்டுக்கினு போறேன். நடுவுல அவர நிறுத்துனா முதலாளி என்னையும் சேத்து அனுப்புவாரு. எனக்கும் புள்ளகுட்டி கீது.”

“சரி சார்” என்றேன். அவ்வளவுதான். அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது எனக்குப் பாரம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

அரையிறுதியில் ஜெயித்தோம். எப்படி ஆடினோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆட்டம் முடிந்து கைகொடுக்கும்போது எதிர் டீம் கேப்டன் என் காதருகே வந்து, “உங்க ஆளு கண்ணு ஒண்ணு பெருசா கீதுபா, பாரு” என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பார்த்தேன். வலது கண்ணின் கருமணி இடதைவிட விரிந்திருந்தது.

பைனல் திருவள்ளூரில். சவுக்குக் கம்பு கட்டி காலரி போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட மைதானம், நாலு மணி வெயில், காற்றே இல்லை. எதிரி மெட்ராஸிலிருந்து வந்த பலமான டீம். முதலாளி மேடையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்து மேஜையில் ஷீல்டு மின்னியது.

முதல் பாதியில் கேப்டன் ஆடியதை அன்று பார்த்தவர்கள் பல வருஷம் பேசினார்கள். மூன்று பாட்டில் ஐந்து பேரை எடுத்தார். நான் அழுத்த அழுத்தப் போனார், வந்தார். எங்களுக்கு ஆறு பாயிண்ட் கூட இருந்தது. இடைவேளையில் எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் காலரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

“நைனா, இது எந்த ஊரு? இவ்ளோ பேரு வந்துகீறாங்க, இன்னா விசேஷம்?”

நான் எழுந்து மானேஜரிடம் ஓடினேன். “சார், நிறுத்திடலாம் சார். வேற ஆள எறக்குங்க.”

அவர் மேடையைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இருவது நிமிஷம்பா” என்றார். “இருவதே நிமிஷம்.”

விசில் ஊதினார்கள். நான் திரும்பிப் போய்க் கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பது நிமிஷம் போனது. அவர் முறை வந்தது. ஒரு தடவை அழுத்தினேன். அசையவில்லை. மறுபடியும் அழுத்தினேன். என் கட்டை விரல் நகம் அவர் தோலைக் கிழித்து ரத்தம் வந்தது. பிறகு பார்த்தபோதுதான் தெரிந்தது, அப்போது தெரியவில்லை. கையை உதறி முதுகில் தள்ளினேன். ஆம், நான்தான் தள்ளினேன். அவர் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினார்.

நேராக நடந்தார். பாயவில்லை, குனியவில்லை. நடுக்களத்தில் போய் நின்றார். பாட்டு நின்றது.

எதிராளிகள் ஏழு பேரும் கைகோத்தபடி நின்றார்கள். பாட்டு நின்றுவிட்ட ஆள், கையெட்டும் தூரம். ஒருவரும் அவரைத் தொடவில்லை. நடுவர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். காலரியில் சத்தம் அடங்கியது. அவ்வளவு ஜனம் இருந்தும் எங்கேயோ ரயில் ஷண்டிங் அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கேப்டன் தன் இடது பக்கமாக எதையோ பிடிக்கக் கை நீட்டினார். அந்தப் பக்கம் யாரும் இல்லை. மெதுவாக, படகில் உட்காருவது போல உட்கார்ந்தார். அப்படியே இடது பக்கம் சாய்ந்தார். வாயில் நுரை வந்தது, ஒரு கை மட்டும் வெட்டி இழுத்தது.

முதலில் ஓடிப்போய் அவர் தலையை மடியில் தூக்கிவைத்தவன் எதிர் டீம் ஆள்.

அவரைத் தூக்கிக்கொண்டுபோய் லாரியின் நிழலில் கிடத்தினார்கள். எங்களோடு வந்திருந்த கம்பவுண்டர் ஒரு சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். யாரோ டாக்ஸி தேடப் போனான். நடுவர் மானேஜரிடம் கேட்டார், “ஆட்றீங்களா?” மானேஜர் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எட்டாவது ஆள் பனியனைக் கழற்றித் தூசி தட்டி மறுபடியும் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். என் வலது கையில் அவன் கை வந்தது. இறுக்கமான, ஈரமான கை. மீதி பதினொரு நிமிஷத்தையும் ஆடினோம்.

ஜெயித்தோம். டாக்ஸி புறப்பட்ட சத்தத்தை நான் ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டேன்.

பனியனும் டவுசருமாகவே ரயிலேறி நாங்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மண்டை ஓட்டுக்குள் வலது பக்கம் பழைய ரத்தம் கட்டி நின்று மூளையை நசுக்கியிருக்கிறது, ஓட்டை போட்டு எடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். “எப்ப அடிபட்டுது?” என்று வெள்ளைக் கோட்டு போட்ட இளம் டாக்டர் கேட்டார். “பொங்கல் முடிஞ்சி” என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்தார். பிறகு எழுதினார்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எங்களில் ஒருவன், ஆரம்பாக்கத்துக்காரன், நடுவில் நின்று கேப்டனின் வலது கையைப் பிடிப்பவன், அழ ஆரம்பித்தான். “எத்தன பாயிண்டுன்னு நான்தான் அவுருக்கு காதுல சொல்லிக்கினே இருந்தேன்” என்றான். இன்னொருவன், “ஒரு மாசமா அவுரு பனியன நான்தான் மாட்டி வுட்டேன். தலய நுழைக்க வேண்டிய எடத்துல கைய நுழைப்பாரு” என்றான். குடிசைக்கு வழி தெரியாமல் நின்றவரைத் தினம் கூட்டிவந்ததாக ஒருவன் சொன்னான். ஒவ்வொருவனும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தான். நான் கையை அழுத்தியதைச் சொல்லவில்லை.

அவருடைய மனைவி காலையில் வந்தாள். ஆபரேஷன் முடிந்து பிழைத்துக்கொள்வார் என்று சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாகக் கட்டுப்போட்ட தலையைப் பார்த்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

“தம்பி, நான் சொல்லச் சொன்னத சொன்னியா?”

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு நாக்கு தயாராக இருந்தது.

“சொன்னேன் அண்ணி. கேக்க மாட்டேன்ட்டாரு.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, “பாவி மனுசன்” என்றாள். “பாவி மனுசன், யார் பேச்சத்தான் கேட்டுகீறாரு.” அப்புறம்தான் அழுதாள்.

முதலாளி வாக்குத் தவறவில்லை. சித்திரையில் பர்மனென்ட் லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் வந்தது. பதினொரு பெயர். கேப்டனுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே திரும்ப வரவில்லை, மெடிக்கலில் பாஸாகவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்தார், ஒரு தொகையும் கொடுத்து அனுப்பினார். பர்மனென்ட் ஆர்டரில் நாங்கள் பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஒருவனாவது முடியாது என்று சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன். அந்த ஒருவன் நானாக இருக்கலாம் என்று தோன்றவில்லை. வைகாசியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அந்த மில்லில் ரிட்டையர் ஆகும்வரை வேலை பார்த்தேன். கபடி மட்டும் அதற்குப் பிறகு ஆடவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

ஆறு மாசம் கழித்துக் குப்பத்துக்குப் போனேன். நிழலில் உட்கார்ந்து, வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே கையால் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். முகம் தெளிந்திருந்தது, பேச்சு திரும்பிவிட்டிருந்தது. அந்த வருஷம் பொங்கலிலிருந்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தது வரை மட்டும் ஞாபகம் சுத்தமாக அழிந்து போயிருந்தது. ஷீல்டு வாங்கியதை மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

“நைனா, என்ன மன்னிச்சுரு” என்றார்.

“எதுக்குண்ணா?”

“ஆட வேணாம்னு நீ சொன்னியாமே. நான் கேக்கலியாம். ஊட்ல தெனம் சொல்லிக் காட்றா. உன் பேச்ச நான் எப்பவும் தட்டமாட்டேனே, அப்ப எப்டி தட்டினேன்னு தெரில.”

ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பிவிட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை போவேன். போகும்போதெல்லாம் அவள், “உன் பேச்ச கேட்டிருந்தா இந்நேரம் மனுசன் மில்லுல இருந்துருப்பாரு” என்பாள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். எனக்குத் தட்டில் மீனை எடுத்து எடுத்து வைப்பாள்.

நாலாவது வருஷமோ ஐந்தாவது வருஷமோ, அவள் சந்தைக்குப் போயிருந்தபோது அவரிடம் சொல்லிவிட்டேன். அண்ணி கேட்டுக்கொண்டதை நான் சொல்லவே இல்லை என்பதை, கையை அழுத்தியதை, முதுகில் தள்ளியதை, எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவர் வலைப்பின்னலை நிறுத்தவில்லை. ஒரு பொத்தலை அடைத்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பனா?”

“தெரிலண்ணா.”

“எனக்கும் தெரில. அந்த ஆளு இன்னா நெனச்சான், இன்னா பண்ணியிருப்பான்னு எனக்கு இன்னா தெரியும்? அந்த ரெண்டு மாசம் அவன்கூட இருந்தது நீதான்.”

கோபம் இருந்ததா என்று அவர் முகத்தில் தேடினேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “அவகிட்ட சொல்லாத” என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அவளுக்காகவா, எனக்காகவா, அல்லது மனைவி முன்னால் கையைப் பிடித்து ஆட்டுவிக்கப்பட்ட ஆளாக நிற்பதைவிடப் பேச்சு கேட்காத ஆளாக நிற்பது மேல் என்று நினைத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மஞ்சள் காமாலை. சாவுக்குப் போயிருந்தபோது அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் சொன்னதை அவர் கேட்காமல் போனதை வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் இன்னும் அதே குப்பத்தில்தான் இருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி பொன்னேரியில் காலேஜ் போகிறாள், கையில் கிடைப்பதையெல்லாம் பாட்டிக்கும் படித்துக்காட்டுபவள், போன தடவை போனபோது நான் ஏதோ எழுதுகிறேனாமே என்று கேட்டாள். முடிந்ததும் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.